எடின்பரோவைத் தாண்டினால் ஸ்டர்லிங்

ஸ்காட்லாந்து போகிற பலர் எடின்பரோவோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஸ்டர்லிங். சிறிய ஊர்தான், ஆனால் அந்த நாட்டின் வரலாறு அடர்ந்து கிடப்பது இங்கே.

காலையிலேயே மலைக்கோட்டைக்கு ஏறிவிடுவது நல்லது. 1543-இல் ஒன்பது மாதக் குழந்தையான ஸ்காட்லாந்து அரசி மேரிக்கு முடிசூட்டியது இந்தக் கோட்டையில்தான். கீழே இறங்கும் வழியில் ஹோலி ரூட் தேவாலயம். 1567-இல் அவருடைய மகன் ஜேம்ஸ் முடிசூடிய இடம். அவருக்கும் அப்போது வயது ஒன்றுதான்!

பிறகு ஃபோர்த் ஆற்றங்கரை. 1297-இல் ஸ்காட்லாந்துப் படையும் ஆங்கிலப் படையும் இங்கே மோதின. அப்போதிருந்த மரப்பாலம் மிகக் குறுகலானது. ஆங்கிலப் படை சிறிது சிறிதாகத்தான் கடக்க முடிந்தது. ஒரு பகுதி கரையேறும்வரை பொறுத்திருந்து, ஸ்காட்லாந்துப் படைத்தலைவர்களான வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் பாய்ந்தார்கள். பின்னால் நின்ற பெரும்படையால் உதவிக்கு வர முடியவில்லை. இன்று நிற்கும் கல்பாலம் பிற்காலத்தது. இருந்தாலும் அதன்மேல் நின்று ஆற்றைப் பார்த்தால் அந்தப் போர் சட்டென்று புரியும். இதைத் தவறவிடவே கூடாது.

முழங்கால் ஒத்துழைத்தால் வாலஸ் நினைவுக்கோபுரத்தின் 246 படிகளும் ஏறலாம். இன்னொரு நாள் கையில் இருந்தால், 1314-இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் ஆங்கிலப் படையை வென்ற பானக்பர்ன் களமும் பக்கத்தில்தான், நகரப் பேருந்திலேயே போய்வரலாம்.