தண்ணிக்கு அடியில் ஒரு டவுன்

மஸ்கெலியாவுக்கு ரெண்டு டவுன். ஒன்றில் பஸ் நிற்கும், கொத்து ரொட்டி தட்டுற சத்தம் கேட்கும், சிவனொளிபாத மலைக்குப் போறவங்க கடையோரமா தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நிப்பாங்க. மற்றது மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது.

மஸ்கெலி ஓயாவை மறித்து 1960களின் கடைசியில் அணை கட்டினார்கள். பழைய டவுன் அப்படியே தண்ணிக்குள் போனது. மழை குறையுற மாசங்களில் தண்ணி இறங்கும்போது பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் சேற்றோடு வெளியே தெரியும். போன பங்குனியில் தண்ணி நல்லா இறங்கிட்டதாகக் கேள்விப்பட்டு அம்மாயியோடு போனேன். அவர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, டயகமவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்.

டயகமவில் பஸ் ஏறி அக்கரப்பத்தனை, லிந்துலை தாண்டி தலவாக்கலை. அங்கேயே ஒரு குளம் குறுக்கே வந்துவிடும். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் நீர்த்தேக்கம் அது. 150 மெகாவாட். எங்கள் ஊர்ப்பக்கம் ஓடுற ஆக்ரா ஓயா தண்ணியும் அதில்தான் போய்ச் சேருகிறது. ஹட்டனில் பஸ் மாறினால் அப்புறம் வளைவுக்கு வளைவு தண்ணிதான், முதலில் காசல்ரீ, பிறகு மவுசாக்கலை. அந்தப் பக்கம் 2,243 மீற்றர் உயரத்தில் சிவனொளிபாத மலை கூம்பாக நிற்கும். ஏழு கன்னியர் மலையும் இந்தப் பக்கத்தில்தான். 1974 டிசம்பர் 4 அன்று இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன விமானம் அதில் மோதி 191 பேர் செத்துப் போனார்கள்.

போட்டோவுக்கு இதை விட நல்ல இடம் மலையகத்தில் குறைவு. நானும் எடுத்தேன், ஏன் பொய் சொல்லணும். ஆனா கரையில் இறங்கினதும் அம்மாயி மலையைப் பார்க்கவே இல்லை. வெடிச்ச சேற்றைப் பார்த்துக்கிட்டே நடந்தார்.

"ஏ புள்ள, இந்தா, இதுல ஒரு துணிக்கடை. அதுக்கு அங்கிட்டு நகைக்கடை. சம்பளத்தன்னிக்கு நிக்க எடம் இருக்காது."

எனக்குத் தெரிஞ்சது கல்லும் சேறும் மட்டும். அவர் ஒரு தெருவையே நடந்து காட்டினார்.

தண்ணி ஏறின அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் நிலைமை என்ன? 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத்து ஆட்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கி இருந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டிருந்தது. எந்தப் பங்கில் தன் பேர் வரும் என்றே தெரியாத ஒருவர், கரண்டுக்காக ஒரு டவுன் போகுது என்றால் யாரிடம் போய்க் கேட்பார்? கேட்க ஓட்டே இல்லையே. "கேட்டீங்களா?" என்று அம்மாயியிடமே கேட்டேன். "கேக்குறதா?" என்றார், அவ்வளவுதான்.

இந்தத் தண்ணி கென்யன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்று மூணு மின்நிலையத்தைச் சுற்றிவிட்டு களனி ஆற்றுக்குப் போகிறது. கொழும்பு அதைக் குடிக்கவும் செய்கிறது. எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது அம்மா பெரியவளாகி ரொம்ப நாளைக்குப் பிறகு. அதுவரைக்கும் காம்பராவில் குப்பி லாம்புதான். நாட்டுக்குக் கரண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தவங்க பேர் எங்கேயாவது இருக்கணும் இல்லையா? அன்றைக்கு நாங்கள் நடந்த கரையில் அப்படி ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை.

கோயில் கிட்ட அம்மாயி செருப்பைக் கழற்றினார். உள்ளே சாமி இல்லை, சேறுதான். கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் செல்பி எடுத்துக்கிட்டிருந்த பொடியன்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

மேலே ஏறி வரும்போது கச்சான் விற்கிற அண்ணன், "பாட்டி பழைய டவுன் ஆளா?" என்று கேட்டார். அவரோட அப்பாவுக்கும் அங்கே கடை இருந்ததாம். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது, அப்பா செத்துட்டார். அம்மாயி குச்சியை எடுத்து மண்ணில் தெருவைக் கீறினார். கோயில், பள்ளிவாசல், பாலம், கடைகள். பதினொரு கடைக்குப் பேர் சொன்னார், ரெண்டு பேர் ஞாபகம் வரவில்லை. போனில் படம் எடுத்தேன். அந்த அண்ணன் தன் நம்பரைச் சொல்லி, "எனக்கும் ஒண்ணு அனுப்புங்க தங்கச்சி" என்றார். அங்கேயே நின்று அனுப்பினேன்.