அணைக்காமல் விட்டுவந்த அடுப்பு

ஜவ்வாது மலையில் நான் மூட்டிய தீயை நான் அணைக்கவில்லை. கேட்டவரிடம் அணைத்துவிட்டதாகச் சொன்னேன். தீ அணையவில்லை என்பது என்னுடன் வந்த இரண்டு இளைஞர்களுக்குக்கூடத் தெரியாது.

அது மார்ச் மாதம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையில் விடியும் முன்பே சைக்கிள் மிதிக்கத் தொடங்கி, வழியில் தார்ச்சாலையை விட்டு மண்பாதைக்குள் திரும்பினோம். காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டுவது அவர்கள் இருவருக்கும் புதிது. மூத்தவன் நான். வழி, வண்டி, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு.

காலைச் சாப்பாட்டுக்கு ரவை உப்புமா. இதற்கு நான் வைத்திருக்கும் முறை எளிது. கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அதிலேயே ரவையைக் கொட்டி வறுத்து, உப்பும் கலந்து, ஆறியதும் வீட்டிலேயே பொட்டலம் கட்டிவிட வேண்டும். போன இடத்தில் கொதிக்கும் தண்ணீர் மட்டும் போதும். ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். சுள்ளித் தீ ஒரே சீராக எரியாது. ரவையைக் கொட்டிக் கிளறியதும் பாத்திரத்தைக் கீழே இறக்கி மூடிவைத்தால், சூட்டிலேயே வெந்துவிடும். அடுப்பிலேயே விட்டால் அடி பிடிக்கும். பாத்திரத்தின் வெளிப்புறம் ஈரமண் பூசிக்கொண்டால் கழுவும்போது கரி சுலபமாகப் போய்விடும். வறண்டு கிடந்த ஓடை மணலில் மூன்று கல் வைத்து இதையெல்லாம் செய்துகாட்டினேன். உப்புமா நன்றாகவே வந்தது. அதன்பின் வரக்காப்பி போட்டோம்.

என் பையில் சின்ன கேஸ் அடுப்பு இருந்தது. காட்டுக்குள் அதையும் பற்றவைத்திருக்கக் கூடாதுதான். ஆனால் அதைத் திருகினால் அணைந்திருக்கும். நான் அதை வெளியே எடுக்கவே இல்லை. விறகுத் தீயில் சமைக்கத் தெரிந்தவன் என்று அந்தப் பையன்கள் என்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதை 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டமே தடை செய்கிறது. குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய தீயில், மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்துக் கலங்கியவன் நான். அதே பங்குனி வெயில் தொடங்கும் காலத்தில், இலை உதிர்ந்து, புல் காய்ந்து, மிதித்தால் சருகு நொறுங்கும் காட்டுக்குள் தீக்குச்சியைக் கிழித்தேன்.

சாப்பிட்டு முடித்தபோது தண்ணீர் குறைவாக இருந்தது. இன்னும் ஏற்றம் பாக்கி. கங்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் மேலே போய்ச் சேருவதற்குள் தாகத்தில் தவிப்போம் என்று கணக்குப் போட்டேன். காலால் மணலைத் தள்ளி மூடினேன். "இவ்வளவுதான், அணைஞ்சிடுச்சு" என்றேன். மணல் புகையை மறைக்கும். கங்கோ உள்ளே பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். அருகில் காய்ந்த வேர் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நகரும். காற்று மேல்மணலைக் கலைத்தால் மறுபடி எழும். சரிவில் எழுந்த தீ தனக்கு மேலே இருக்கும் புல்லை முதலில் சூட்டால் உலர்த்திவிட்டுப் பிறகு பிடிக்கும். அதனால்தான் மலையில் தீ மேல்நோக்கி ஓடுகிறது. மேலே ஊர்கள் இருக்கின்றன, சாமையும் தினையும் விளையும் கொல்லைகள் இருக்கின்றன.

கிளம்பும்போது ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தார். அந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவராக இருக்கலாம். புகை வாசனை பிடித்தே வந்திருக்க வேண்டும்.

"நெருப்ப நல்லா அணைச்சீங்களாப்பா? காத்து வர்ற நேரம்."

"அணைச்சாச்சு ஆயா. தண்ணி ஊத்திட்டோம்."

யோசிக்காமல் வந்த பொய். அவர் தலையசைத்துவிட்டு ஆடுகளின் பின்னால் போனார். என்னை நம்பினார்.

வெயில் ஏறியபின், மேலே ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்றோம். கீழே, நாங்கள் வந்த பக்கத்தில், மரங்களுக்கு மேல் மெல்லிய புகை தெரிந்தது. அது என் அடுப்பிலிருந்து எழுந்ததா, யாராவது கொல்லையில் செத்தை கொளுத்தியதா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதுதான் விஷயம். திரும்பிப் போயிருக்கலாம், இறக்கம்தான். ஜமுனாமரத்தூர் போனதும் வனத்துறை அலுவலகத்தில் சொல்லியிருக்கலாம். பெயர், ஊர் கேட்பார்கள், வழக்குப் போடுவார்கள் என்ற பயம். பையன்கள் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. "கிளம்பலாமா?" என்று சொல்லி முதல் ஆளாக மிதித்தேன். ஊர் திரும்பியபின் செய்தித்தாளில் மாவட்டச் செய்திப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டினேன்.

அண்மையில் அந்த இருவரில் ஒருவன் போன் செய்தான். நண்பர்களோடு ஏலகிரி பக்கம் போகிறானாம். உப்புமாவுக்குத் தண்ணீர் அளவு கேட்டுவிட்டு, "அடுப்ப மணல் போட்டு மூடிட்டா போதும்ல அண்ணா?" என்றான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சம் தண்ணியும் ஊத்திடு" என்று மட்டும் சொன்னேன்.

தம்பி, மணல் போதாது. அன்று நீ என்னிடம் கற்றுக்கொண்டது தப்பு. தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார். சூடு துளியும் தெரியக் கூடாது. அதற்குத் தண்ணீர் இல்லையென்றால் தீயே மூட்டாதே. காட்டுக்குள் என்றால் தண்ணீர் இருந்தாலும் மூட்டாதே. புளிச்சோறு கட்டிக்கொண்டு போ. அந்த ஆயாவிடம் தண்ணீர் ஊற்றியதாக நான் சொன்னபோது நீ பக்கத்தில் நின்றாய். ஊற்றவில்லை என்பது உனக்கும் தெரியும். பெரியவன் சொல்கிறான் என்று நீ பேசாமல் இருந்தாய்.