பஞ்சாரம்

2019ஆம் ஆண்டு ஆவணியில் அப்பா காலமானார். காரியங்கள் முடிந்ததும் அம்மாவைப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்தேன். அழைத்து வந்தேன் என்பது நான் சொல்லிக்கொள்வது. 'என்னக் கொண்டாந்துட்டான்' என்பதுதான் அம்மாவின் வாசகம். வாடகை வேனில் ஒரு டிரங்குப் பெட்டி, அப்பாவின் சாய்வு நாற்காலி, மூங்கில் சிம்புகளால் முடைந்த பஞ்சாரம் ஒன்று, அதனுள்ளே கால் கட்டப்பட்ட மூன்று பெட்டைகள், ஒரு சேவல். பெட்டைகளில் ஒன்றுக்குக் கழுத்தில் இறகே கிடையாது. என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதிருப்பதன் பொருள் இத்தனையாண்டு இல்லறத்தில் எனக்கு நன்றாகவே தெரியும்.

நான் கரிசல் கிராமத்தில் பிறந்தவன்தான். ஆனால் ஆறாம் வகுப்பிலேயே விடுதிக்குப் போய்விட்டபடியால், கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நூல்வழி அறிந்ததே. உறையூருக்குக் கோழி என்றொரு பெயருண்டு என்று தெரியும். முருகனின் கொடியில் எது இருக்கிறது என்று தெரியும். கோழி அடைகிடந்தால் இருபத்தொரு நாள் என்பது தெரியாது. கொல்லையில் காலை நான்கரைக்குக் கூவத் தொடங்கிய அந்தச் சேவலால், முதல் மாதம் வகுப்பில் நான்தான் தூங்கி விழுந்தேன்.

எங்கள் தெருவில் கோழி வளர்ப்போர் வேறு இருவர் இருந்தனர். எதிர்வரிசையில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி. அசில் இனச் சேவல் இரண்டு வைத்திருந்தார். சண்டைக்கு விடமாட்டார், பார்த்துக்கொண்டிருப்பதற்கு மட்டும். தெருக்கோடியில் ஓட்டுவீட்டு ஆச்சி. பதினான்கு உருப்படிகள். முட்டை விற்ற காசைத் தனியாகச் சுருக்குப் பையில் போட்டு, மகள்வழிப் பேத்தியின் படிப்புக்குச் சேர்த்துக்கொண்டிருந்தவர். மூன்று வீட்டாருக்கும் முன்பு கண்டால் தலையசைக்கும் பழக்கம் மட்டுமே. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தவிடும் குறுணையும் கிடைக்காமல் போனபோதுதான் எங்கள் கொல்லைச் சுவரோரம் மாலைச் சபை கூடத் தொடங்கியது. அண்ணாச்சி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பேசுவார். ஆச்சி முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். சுவருக்கு இந்தப்புறம் அம்மா, கவிழ்த்த உரலின் மேல்.

அந்தச் சபையின் பேச்சை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. அடைவைக்க எத்தனை முட்டை, பதினொன்றா பதின்மூன்றா என்பதில் ஒரு மாலை கழியும் (ஒற்றைப்படையாக இருக்கவேண்டும் என்பதில் மூவருக்கும் ஐயமில்லை). முட்டைகளோடு ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போடவேண்டும். இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடும் என்பார் ஆச்சி. "முப்பது வருசம் கம்பத்துல ஏறினவன் நான். மிளகாய்க்குப் பயப்படுத இடிய எங்கயும் பாத்ததில்ல" என்று சிரிப்பார் அண்ணாச்சி. ஆனால் அவர் வீட்டு அடைக்கூடையில் துருப்பிடித்த போல்ட்டு ஒன்று கிடந்ததை நானே கண்டேன். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கை முட்டைக்குப் பின்னால் பிடித்தால், கரு கூடிய முட்டையில் செந்நிற நரம்புகள் சிலந்திவலைபோல் தெரியும். கூடாதது வெறுமையாக ஒளிரும். அதை முதன்முதலாகக் காட்டியவர் அண்ணாச்சி. பழைய பானைக்குள் வைக்கோலும் ஈரச் சாணமும் திணித்து மாலையில் மண்ணில் கவிழ்த்துவைத்தால் விடியற்காலையில் குஞ்சுகளுக்குக் கறையான் கிடைக்கும் என்று காட்டியவர் அம்மா. அன்று என் மகனும் மகளும் பாட்டியை ஏதோ விஞ்ஞானியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

கோழிப் பேச்சு எந்த இடத்தில் குடும்பப் பேச்சாக மாறியது என்று கோடு கிழித்துச் சொல்ல இயலாது. எங்கள் வீட்டில் அப்போது அடுக்களைதான் போர்க்களம். சத்தம் இல்லாத போர். அம்மா புளியை அதிகமாகக் கரைப்பாள். மனைவி அதில் மௌனமாக வெந்நீர் சேர்ப்பாள். நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டே இருவரையும் பாராட்டுவேன். ஒருநாள் அம்மா உள்ளே போனபிறகு ஆச்சி என்னைச் சுவரருகே அழைத்தார்.

"வாத்தியாரையா, குஞ்சோட இருக்க ரெண்டு தாய்க்கோழிய ஒரே பஞ்சாரத்துல போட்டு மூடுவியளா?"

"மாட்டோம் ஆச்சி. கொத்திக்கொள்ளும்."

"கொத்துதது கோழிமேல தப்பா, மூடுனவன்மேல தப்பா?"

மறுவாரம் கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு தனி அடுப்பு வாங்கி வைத்தேன். மனைவி இரண்டு நாள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தாழ்வாரத்திலிருந்து கருவாட்டுக் குழம்பின் மணம் வந்தபோது ஒரு கிண்ணத்தோடு அவளே போனாள். கிண்ணத்தோடு போவதும் வருவதும் அதன்பின் வழக்கமாயிற்று. மகளுடைய பூப்புக்குப் பின்னான உணவு பற்றி, அண்ணாச்சியின் மருமகன் வாங்கிய கடன் பற்றி, ஆச்சியின் பேத்தி அறிவியலா வணிகவியலா என்பது பற்றி எல்லாம் அந்தச் சுவரில்தான் முடிவெடுத்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். மனிதரைக் கோழியோடு ஒப்பிட்டுச் சொல்லும் அறிவுரைகளின்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. உவமை சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் இருக்கலாம். உவமை ஒரு பக்கத்தை வெளிச்சமாக்கும்போது மறுபக்கத்தை இருட்டாக்கிவிடும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று சொல்லியே எத்தனையோ பிள்ளைகளை மிதித்திருக்கிறோம். ஆனாலும் உவமையிடம் நான் வசமாகத் தோற்ற மாலை ஒன்று உண்டு.

குறுந்தொகையின் 139ஆம் பாடல் ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. பரத்தையிடம் போய்வந்த தலைவனிடம், எங்கள் தெருவுக்கு வராதே என்று வாயில் மறுக்கிறாள் தோழி. மாலையில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துவிட, எங்கே ஒதுங்குவதென்று அறியாது திரண்ட குஞ்சுகளை வீட்டுக்கோழி அழைக்கும் குரல்போல, ஊரார் பேச்சு துன்பமாக ஒலிக்கிறது என்பது உவமை. பதினைந்து ஆண்டுகளாக இதற்கு நான் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னவன். ஒரு கார்த்திகை மாலையில் எங்கள் கொல்லைச் சுவர்மேல் மரநாய் ஒன்று வந்து நின்றது. அந்தக் கழுத்து மொட்டைப் பெட்டை ஒன்பது குஞ்சுகளோடு முற்றத்தின் நடுவில் இருந்தது. அப்போது அது எழுப்பிய குரல் கொக்கரிப்பன்று, கேறலன்று. அடித்தொண்டையிலிருந்து துண்டு துண்டாக, அறுத்துக்கொண்டு வந்தது. கேட்டவுடன் என் முதுகுத்தண்டு சில்லிட்டது. அம்மா உள்ளேயிருந்து விளக்குமாறோடு ஓடிவந்தாள், எழுபத்திரண்டு வயதில். மறுநாள் வகுப்பில் அந்தப் பாடலை எடுத்தபோது பேச்சு வராமல் சற்று நேரம் நின்றேன்.

2021 பிறந்ததிலிருந்து அம்மா ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். பூட்டிய வீடு, தனிக்கட்டை, தலைசுற்றல் வேறு. முடியாது என்றேன். இம்முறை சபை இரண்டாகப் பிரிந்தது. "விடவே கூடாது" என்றார் அண்ணாச்சி. அவருடைய தாயார் ஊரில் தனியாக இறந்துகிடந்து, மறுநாள் மாலைதான் பால்காரர் கண்டு சொன்னாராம். அதைச் சொன்னபோது சேவலைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஆச்சியோ, "பருந்து தூக்கிரும்னு ஆயுசுக்கும் பஞ்சாரத்துக்குள்ளயே போட்டு வைப்பேரா?" என்றார். இருவரும் அன்று கோபத்தோடு பிரிந்தார்கள். நான் அண்ணாச்சியின் கட்சி. நியாயம் அவர் பக்கம் என்பதாலா, எனக்கு வசதி அந்தப் பக்கம் என்பதாலா என்று அப்போது யோசிக்கவில்லை.

2022 பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம். ஆச்சிக்கு முழங்கால் வலி. பதினான்கு கோழிகளையும் எங்கள் கோழிகளோடு சேர்த்து என் காரில் கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். விடைத்தாள் திருத்தும் பணி இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று முகாம் முடிந்துபோயிற்று. அதோடு நிறுத்தினேனா? சித்திரையில் சந்தைக்குப் போனவன், அழகாக இருந்ததென்று இரண்டு விடைக்கோழிகளை வாங்கிவந்து, வெளியிலிருந்து வரும் கோழியை இரண்டு வாரமாவது தனியே வைக்கவேண்டும் என்று நூறுமுறை கேட்டிருந்தும், அன்றிரவே கூட்டில் அடைத்தேன்.

ஐந்தாம் நாள் ஒன்று இறகைத் தொங்கவிட்டு நின்றது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. அடுத்து ஒன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் இனங்காணப்பட்டு, நம் நாட்டில் இமயமலை ஊரொன்றின் பெயரால் ராணிக்கெட் என்று வழங்கும் நோய் இது. நம் பெண்கள் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பூசிதான் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி என்று அம்மா அரைத்து அரைத்து ஊட்டினாள். எங்கள் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் கொல்லைக்கு மேயவந்த ஆச்சியின் கோழிகளில் பதினொன்று போயின. தடுப்பூசி போட்டிருந்த அண்ணாச்சியின் சேவல்கள் இரண்டும் சுவர்மேல் நின்று கூவின.

ஆச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, சுவரோரம் வருவதை நிறுத்திக்கொண்டார். பணம் கொடுத்தனுப்பினேன், திரும்பி வந்தது. தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பவில்லை, "சாப்பிட்டாச்சா" என்று கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அம்மா சொன்னாள்: "எய்யா, நான் ஊருக்குப் போறேன். இந்த மண்ணுல இப்பக் கோழி போடக்கூடாது. அங்க அடை வச்சு மைனிக்குக் குஞ்சு இறக்கிக் குடுக்கணும். நீ செஞ்சதுக்கு நாந்தான செய்யணும்." மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. ஆனி முதல் வாரம் கொண்டுபோய் விட்டேன். பெரியப்பா வீட்டு அடைக்கோழிகள் இரண்டை வாங்கி, இருபத்தாறு முட்டை வைத்தாள். இருபத்திரண்டு பொரித்தன.

ஏழாம் நாள் முதல் சொட்டு மருந்து. பனிக்கட்டி நிறைத்த பிளாஸ்க்கில் மருந்துக் குப்பியோடு கிளம்பும்போது ஆச்சி எங்கள் வாசலில் நின்றார், புதுச்சேலை கட்டி. "உம்மள நம்பிக் குஞ்சுக் கண்ணுல மருந்து விட முடியாது. நானும் வாரேன்" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

ஆடிக்காற்று புழுதியை வாரியிறைத்துக்கொண்டிருந்தது. எட்டயபுரம் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்தபோது பத்துமணி. நான் குஞ்சைப் பிடித்துக்கொடுக்க, ஆச்சி கண்ணில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு விட்டார். இருபத்திரண்டும் அரைமணியில் முடிந்தது. ஆனால் குப்பியில் நூறு கோழிக்கான மருந்து. கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கொட்டுவானேன் என்று அம்மா கேட்டாள்.

அடுத்த ஒரு மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாளையங்கோட்டையில் பால்பாக்கெட் வாங்கக்கூடத் தெருவில் இறங்காத அம்மா முன்னால் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ஏ பிள்ள, குஞ்ச எடுத்துட்டு வா, எம்மவன் மருந்து கொண்டாந்திருக்கான்." பஞ்சாரங்கள் நிமிர்ந்தன. மடியிலும் முறத்திலும் சோற்றுக்கூடையிலும் குஞ்சுகள் வந்தன. வேப்பமரத்தடியில் ஆச்சி உட்கார்ந்துவிட்டார். அம்மா அதட்டினாள், வரிசைப்படுத்தினாள், ஒருத்தியின் மாமியார் நலம் கேட்டாள், இன்னொருத்தியைச் சீட்டுப் பணத்துக்காக ஏசினாள். காற்றில் அவள் குரல் தெருவின் அந்தக் கோடிவரை போயிற்று. மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அந்தக் குரல் இருந்ததே இல்லை.

மாலைப் பேருந்துக்கு நானும் ஆச்சியும் மட்டும் கிளம்பினோம். அம்மா பேருந்து நிறுத்தம்வரை வந்தாள். 'நீயும் வாயேன்' என்று நான் கேட்கவில்லை. தினமும் இரவு எட்டுக்குப் போன் பேசவேண்டும், எடுக்காவிட்டால் பெரியப்பா மகனுக்குச் சொல்லுவேன் என்று மட்டும் சொன்னேன். அண்ணாச்சி சொல்லியனுப்பிய யோசனை அது. "சரி சரி" என்றாள். அவள் கண் புழுதிக்குள் மேய்ந்துகொண்டிருந்த யாருடைய கோழிமேலோ இருந்தது.

பேருந்து எட்டயபுரம் வரும்வரை ஆச்சி சன்னலோரம் கண்மூடி இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"வாத்தியாரையா."

"சொல்லுங்க ஆச்சி."

"தாவாரத்து அடுப்ப எடுத்துராதீய. தீவாளிக்கு வருவா."