430 கோடி பத்தலையாம், பாஸ்!

உங்க தெருவுல கதவு எண்ணெல்லாம் தீர்ந்துபோச்சுன்னு வைங்க. புதுசா வீடு கட்டினவர்கிட்ட, 'பக்கத்து வீட்டு நம்பரையே போட்டுக்கங்க, தபால் வந்தா பிரிச்சுத் தர்றோம்'னு சொன்னா எப்படி இருக்கும்? இன்டர்நெட்ல நிஜமாவே அதுதான் நடந்துச்சு!

நெட்டுக்குள்ள வர்ற எந்தக் கருவிக்கும் ஒரு எண் முகவரி வேணும். அதான் ஐ.பி. அட்ரஸ். 1977-ல், இன்டர்நெட் வெறும் பரிசோதனையா இருந்தப்போ, இதுக்கு 32 பிட் போதும்னு முடிவெடுத்தவர் வின்ட் செர்ஃப். கணக்குப் போட்டா சுமார் 430 கோடி முகவரிகள். உலகமே வந்து உட்காரும்னு அன்னிக்கு யார் கண்டா?

பந்திக்கு முந்தினவங்களுக்கு இலை நிறைய விழுந்துச்சு. அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்கிற ஒரே கல்வி நிறுவனத்துக்கு மட்டும் சுமார் 1.67 கோடி முகவரிகள்! அதுல ஒரு பெரும் பகுதியை 2017-லதான் விற்க முன்வந்தாங்க. ஆனா 2011 பிப்ரவரி 3-ம் தேதியே உலகப் பொதுக் கையிருப்பு காலி. மிச்சமிருந்த கடைசி ஐந்து தொகுப்புகளை ஐந்து மண்டல அமைப்புகளுக்கு ஆளுக்கு ஒண்ணா கொடுத்துட்டு, கடையைச் சாத்திட்டாங்க.

'அப்புறமும் என் நெட் ஓடுதே?'ன்னுதானே கேட்கறீங்க. ஓடுது, பங்கு போட்டு! 'நேட்'ங்கிற உத்தியால ஒரு முகவரிக்குப் பின்னாடி நூத்துக்கணக்கான பேர் நிக்கலாம். எங்க ஹாஸ்டல்ல அப்படித்தான். ஒருநாள் யாரோ ஒருத்தர் ஒரு இணையதளத்தைப் புரோகிராம் வச்சு விடாம தட்ட, அந்தத் தளம் எங்க முகவரியையே பூட்டிடுச்சு. பக்கத்து ரூம் நண்பன் அன்னிக்கு ராத்திரிக்குள்ள அதுலதான் இன்டர்ன்ஷிப் விண்ணப்பம் அனுப்பணும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! கடைசியில மொபைல் டேட்டா போட்டு, வேற முகவரியில போய் அனுப்பினான். டேட்டா தீர்ந்திருந்தா?

மருந்து இல்லாம இல்ல. ஐ.பி.வி.6-ன் முதல் விதிமுறை 1995 டிசம்பர்லயே வெளிவந்தாச்சு. இது 128 பிட். முகவரிகளோட மொத்த எண்ணிக்கையை எழுதினா 39 இலக்கம் வரும்! பிறகு ஏன் இழுபறி? பழைய மொழி தெரிஞ்ச கருவிக்குப் புதுசு புரியாது. அதனால ரெண்டையும் சேர்த்தே ஓட்டணும், செலவு கூடும். 'நேட்' இருக்கேன்னு பலர் சும்மா இருந்துட்டாங்க. 2012 ஜூன் 6-ல் பெரிய தளங்கள் கைகோத்து, புதுசை நிரந்தரமா திறந்துவிட்டாங்க. இன்னிக்கு கூகுளுக்கு வர்றவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் புது வழியிலதான் வர்றாங்க.

இதுல நம்ம நாடு உலகச் சராசரியைத் தாண்டி முன்வரிசையில நிக்குது. 2016-ல் வந்த ஜியோ போல தாமதமா வந்த நெட்வொர்க்குகளுக்குப் பழைய முகவரி போதுமான அளவு கிடைக்காது. அதனால புதுசுலயே அஸ்திவாரம் போட்டாங்க. லேட்டா வந்ததும் ஒரு லாபம்தான்!

இப்பவே மொபைல் டேட்டாவை ஆன் பண்ணி, போன் செட்டிங்ஸ்ல ஐ.பி. முகவரியைப் பாருங்க. புள்ளி வச்ச நாலு எண் மட்டும்தான்னா, பழைய வீடு. எண்ணும் எழுத்தும் கலந்து, நடுவுல முக்காற்புள்ளி இருந்தா, புது வீட்டுக்கும் குடிபோயாச்சு. காலேஜ் வைஃபையிலயும் அதே மாதிரி பாருங்க. பழசு மட்டும்தான் தெரிஞ்சா, லேப் சார்கிட்ட 'எப்ப சார் மாத்தப் போறோம்?'னு கேளுங்க. இந்தப் பந்தியில கடைசியா வர்றவருக்கும் தனி இலை இருக்கு. போய் உட்காரத்தான் ஆள் வேணும்!