தந்தை பெயருக்கு ஓர் இடம்

கணிப்பொறி கேட்கும் கேள்விகளுள் மிக எளியது, ‘உன் பெயர் என்ன?’ என்பதே. நம்மவர்க்கு விடை சொல்ல மிகக் கடினமானதும் அதுவே!

ஒரு நிறுவனத்தில் உள்ளோரின் பெயர், துறை, தொலைபேசி எண், கடவுச்சொல் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்து, கேட்ட கணிப்பொறிக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பது டைரக்டரி சேவை. 1988-இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.500 என்னும் பன்னாட்டுத் தரத்தை எளிமையாக்கி, 1993-இல் எல்.டி.ஏ.பி. என்னும் நெறிமுறை வெளிவந்தது. எந்த விவரம் எந்தக் கட்டத்தில் அமர வேண்டும் என்று விதிக்கும் சட்டத்திற்கு ஸ்கீமா என்று பெயர்.

எங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை அத்தகைய டைரக்டரியில் ஏற்றுவது இவ்வாண்டின் ஆய்வகப் பயிற்சிகளுள் ஒன்று. வகுப்பில் ஒரே பெயரில் மூவர் உண்டு. பெயர் மாறவும் கூடும். ஆதலால் பதிவெண்ணையே ஒவ்வொருவருக்கும் அடையாளமாக்கி, யு.ஐ.டி. என்ற கட்டத்தில் வைத்தோம். மின்னஞ்சலும் துறையும் தத்தம் இடத்தில் எளிதாய் அமர்ந்தன. பெயரில்தான் வந்தது சிக்கல்.

ஒரு மனிதரைப் பதிவு செய்ய அந்தச் சட்டம் இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்குகிறது. ஒன்று சி.என்., அதாவது வழங்கும் பெயர். மற்றொன்று எஸ்.என்., அதாவது குடும்பப் பெயர். பின்னது வெறுமையாய் இருந்தால் பதிவையே ஏற்காது!

குடும்பப் பெயருக்கு நாம் எங்கே போவது? என் பெயருக்கு முன்னால் ‘மு.’ என்று நிற்பது என் தந்தையின் தலைப்பெழுத்து. அதை விரித்து அங்கே வைத்தால், அகரவரிசையில் என்னைத் தந்தையின் பெயரில் அடுக்கும். கடிதத்தில் அவர் பெயரால் என்னை விளிக்கும். தாயின் எழுத்தைத் தாங்கிய தோழி ஒருத்தி எங்களோடு படிக்கிறாள். திருமணத்திற்குப் பின் எழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்களும் உண்டு. தலைப்பெழுத்து குலத்தின் பெயரன்று. ஒரு மனிதரின் பெயர்.

ஆசிரியரோடு கலந்து ஒரு வழி கண்டோம். எஸ்.என்.-இல் அவரவர் சொந்தப் பெயர். சி.என்.-இல் எழுத்தோடு கூடிய பெயர். அக்கட்டம் பல மதிப்புகளை ஏற்கும். 1997-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் யூ.டி.எஃப்-8 வழக்கத்திற்கு வந்ததால் தமிழ் எழுத்திலும் பெயரைச் சேர்த்தோம். பெற்றோர் பெயருக்கெனத் துணை வகுப்பு ஒன்றை நாங்களே வரையறுத்தோம். இவ்வாறு சட்டத்தை நீட்டிக்க அதிலேயே இடமிருக்கிறது. அதற்கு வேண்டிய அடையாள எண்ணை எந்த நிறுவனமும் ஐ.ஏ.என்.ஏ. அமைப்பிடம் கட்டணமின்றிப் பெறலாம்.

என் தந்தை கல்லூரி வாயிலை மிதித்தது என் சேர்க்கை நாளில் மட்டுமே. எங்கள் குடும்பத்தில் அதற்குமுன் எவரும் மிதித்ததில்லை. பதிவேட்டில் ஓர் எழுத்தாய் நின்றவர், இப்போது எங்கள் ஆய்வகக் கணிப்பொறியில் முழுப்பெயரோடு தமக்குரிய இடத்தில் இருக்கிறார்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் இத்தகைய பட்டியல்களை அமைக்கப் போகிறோம். கட்டம் காலியாயிருக்கிறதே என்று எதையாவது இட்டு நிரப்பாதீர்கள். அது எதைக் கேட்கிறது, நம்மிடம் இருப்பது எது என்று இரண்டையும் அறிந்த பிறகே விசைப்பலகையில் கை வையுங்கள்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)