பட்டா யார் பேரில்?

வீடு வாங்கப் போகிறவர் வாசல் நிலையைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார், தண்ணீர் எப்படி என்று கேட்பார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் 31 வருஷம் உட்கார்ந்து எழுந்தவனுக்கு அதெல்லாம் அப்புறம்தான். மூலப் பத்திரம் எங்கே, பட்டா யார் பேரில், வில்லங்கம் உண்டா? இந்தப் புத்தி ஓய்வு பெற்றும் போகவில்லை. போன வருஷம் என் தங்கை மகனுக்கு வெப்சைட் செய்ய ஆள் தேடியபோதும் இதைத்தான் கேட்டேன்.

மாப்பிள்ளை கரூரில் பெட்ஷீட், டவல், சமையலறைத் துணி தைத்துச் சின்ன அளவில் ஏற்றுமதி செய்கிறான். அவன் அப்பா காலத்திலேயே வெப்சைட் ஒன்று உண்டு. கம்பெனியின் இ-மெயில் முகவரிகளும் அந்தப் பெயரில்தான். ஒரு திங்கட்கிழமை வெப்சைட் திறக்கவில்லை. சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். மெயிலும் வரவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. பதினோரு நாள் கழித்து, வெளிநாட்டு பையரின் ஏஜென்ட் போன் செய்து, "சாம்பிள் ஓகே பண்ணி மெயில் போட்டாங்களே, ஏன் பதிலே இல்லை?" என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஆர்டர் போகவில்லை. ஆனால் கப்பலில் போக வேண்டிய சரக்கு, தேதி நெருங்கியதால் விமானத்தில் போனது. செலவு நம் தலையில். அந்த வருஷ லாபத்தில் எவ்வளவு அதில் போயிற்று என்று தங்கை இன்னும் என்னிடம் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். டொமைன் என்கிற அந்தப் பெயரை, வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பேரில், தன் மெயில் முகவரியில் பதிந்து வைத்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவருக்கே போயிருக்கிறது. அவரோ கம்பெனியை மூடிவிட்டு வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டார். மோசடிக்காரர் இல்லை. தேடிப்பிடித்துப் பேசியதும், பெயரை மாற்றிக்கொள்ளும் குறியீட்டை அன்றைக்கே அனுப்பி வைத்தார். அவர் மனது வைத்ததால் கிடைத்தது, அவ்வளவுதான்.

டொமைன் சொந்தச் சொத்து இல்லை, குத்தகை. .காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருஷத்துக்கு எடுக்கலாம். கெடு முடிந்த பிறகு பதிவு நிறுவனம் பொதுவாகக் கொஞ்ச நாள் அவகாசம் தரும். பிறகு நீக்கினாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். ஆனால் குத்தகைச் சீட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் கேட்க முடியும். நம் வில்லங்கச் சான்று போல 'ஹூ இஸ்' என்று ஒரு தேடல் இருக்கிறது. கெடு தேதியும் பதிவு நிறுவனமும் அதில் தெரியும். 2018-க்குப் பிறகு உரிமையாளர் பேரைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். அதனால் பதிவு நிறுவனத்தின் கணக்கை நம் கையால் திறந்து பார்ப்பதுதான் ஒரே வழி.

புதிதாகச் செய்ய மூன்று இடம் பார்த்தோம். நானும் வருகிறேன் என்றதும் மாப்பிள்ளைக்குச் சங்கடம். "ஏனுங்க மாமா, அவங்க ஏதாச்சும் நெனச்சுக்குவாங்க" என்றான். நினைக்கட்டும்.

முதல் இடம் கண்ணாடி அறை, குளிரூட்டி, நல்ல காபி. ஆறு மாதத்தில் கூகுளில் முதல் இடம், அதற்கு கேரண்டி என்றார்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இரண்டாவது இடத்தில், டொமைன் யார் பேரில் இருக்கும் என்று கேட்டேன். "அதெல்லாம் டெக்னிக்கல் சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார் அந்தத் தம்பி. 'நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க' என்று சொல்லும் தரகர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்! எழுந்துவிட்டோம்.

மூன்றாவது, செல்போன் கடை மாடியில் சின்ன அறை. ஒரு பெண்மணியும் இரண்டு பையன்களும். நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே, "டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்க பேர்ல, உங்க கார்டுல நீங்களே வாங்கிருங்க சார், எங்களுக்கு வேலை செய்யற அளவுக்குத் தனி அனுமதி கொடுத்தாப் போதும்" என்றார் அந்தம்மா. தொகை மூன்றில் நடுவில் இருந்தது. அப்படியும் அவர் கொடுத்த பட்டியலில் நான்கு பேருக்குப் போன் போட்டேன். வெப்சைட் அழகா என்று கேட்கவில்லை. கெட்டுப்போன அன்றைக்குப் போனை எடுத்தார்களா என்று கேட்டேன். அவரிடமிருந்து விலகிப்போன ஒருவரின் எண்ணையும் வாங்கிக் கேட்டேன். "வேற ஆள்கிட்டப் போறோம்னு சொன்னதும் எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்திட்டாங்க" என்றார் அவர். எனக்கு அது போதும்.

ஒப்பந்தத்தில்தான் என் பழைய தொழில் உதவியது. காசு கொடுத்து எழுதி வாங்கினாலும், வெளியாள் எழுதிய நிரலின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருக்கே. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமையை எழுத்தில், கையெழுத்துடன் மாற்றித் தந்தால்தான் செல்லும். அதிலும் காலம் குறிக்காவிட்டால் 5 வருஷம் என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஏற்றுமதி செய்கிறவனுக்கு இந்தியாவுக்குள் மட்டும் என்றால் என்ன பிரயோஜனம்? 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அந்தம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். முழுத் தொகையும் வந்த நாளிலிருந்து என்று அதில் சேர்க்கச் சொன்னார். நியாயம்தானே. பணத்தை மூன்று தவணையாகப் பிரித்தோம். கடைசித் தவணை, வெப்சைட்டின் முழுப் பிரதியும் எங்கள் கைக்கு வந்த பிறகு.

இன்னொன்று அந்தம்மா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. பதிவு நிறுவனத்தில் கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாதாம். பெயர் விழுந்தால் எச்சரிக்கைக் கடிதமும் சேர்ந்து விழுந்துவிடும் அல்லவா? மாப்பிள்ளையின் சொந்த ஜிமெயிலையும், தங்கையின் செல்போன் எண்ணையும் கொடுத்தோம். 5 வருஷத்துக்குப் பணம் கட்டியாயிற்று. ரசீதும் ஒப்பந்தமும் தங்கையின் பீரோவில், தோட்டத்துப் பட்டா இருக்கிற அதே ஃபைலில் இருக்கின்றன.