கம்பியில் நின்ற துளி

தீர்த்தமலையில் ராமர் தீர்த்தம் பாறை உச்சியிலிருந்து மெல்லிய இழையாக இறங்குகிறது. தலையைக் காட்டி நனைந்தவர்கள் ஈரத்துணியோடு படிக்குத் திரும்புகிறார்கள். எல்லார் கையும் இரும்புக் கைப்பிடியைத் தேடுகிறது. பாட்டி ஒருத்தி பேரனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறாள். செம்பழுப்பு. “துரு கண்ணு, துடைச்சிக்கோ” என்று முந்தானையை நீட்டுகிறாள்.

அவர்கள் போனபின், பெயிண்ட் உரிந்த இடத்தில் ஒரு துளி மட்டும் நிற்கிறது. பார்வைக்குச் சும்மா நிற்பதுதான். ஆனால் அதன் நடுப்பகுதியில் ஒவ்வொரு இரும்பு அணுவும் இரண்டு எலக்ட்ரான்களைக் கம்பியிலேயே விட்டுவிட்டு, அயனியாகி நீரில் இறங்குகிறது. விட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே துளியின் விளிம்புக்குப் போகின்றன. காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன் அங்கே அவற்றை வாங்கிக்கொள்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் சரிக்குச் சரி. நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் துரு வளையமாகப் படிகிறது. கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் 1920களில் உப்புநீர்த் துளியை வைத்து இதைக் காட்டினார். காற்று தாராளமாகப் படும் விளிம்பு தப்பிக்கிறது, காற்று எட்டாத நடு அரிபடுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத்தான்.

துருப்பிடிக்கும் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, ஆக்சிஜன் நீரைக் கடந்து இரும்பை எட்டும் வேகம். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் ஓடினாலே ஆண்டுக்குச் சுமார் 0.012 மில்லிமீட்டர் இரும்பு கரையும். கைவியர்வையின் உப்பு சேர்ந்தால் இன்னும் விரையும்.

இந்த மலையே இரும்பு மலைதான். சேலம் வட்டாரத்தின் இரும்புப் படிவுகளைப் பதிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புவியியலாளர்கள் கஞ்சமலையோடு தீர்த்தமலையையும் சேர்த்தார்கள். பாறையிலுள்ள மேக்னடைட் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட இரும்பு. அதனால் மழைக்கு அசராமல் கிடக்கிறது. கம்பியின் இரும்போ உலையில் எலக்ட்ரான்களை ஊட்டிப் பிரித்தெடுக்கப்பட்டது. ஆக்சிஜன் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டே இருக்கிறது.

பெரியவர் ஒருவர் மூச்சு வாங்கக் கம்பியில் சாய்கிறார். கம்பியைத் தாங்கும் தூண் லேசாக ஆடுகிறது. மேலே பெயிண்ட் பளபளக்கிறது. கீழே, சிமெண்டோடு சேருமிடத்தில் நீர் தேங்கி, தூண் தகடு தகடாக உரிந்திருக்கிறது. மேற்கம்பி வெயிலில் காய்ந்தால் அங்கே வேலை நின்றுபோகும். அடியில் ஈரம் இருக்கும்வரை நிற்காது.

மாசித் திருவிழாவுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் தூணின் அடியிலிருந்து தொடங்குங்கள். துருவைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, முதலில் ப்ரைமர் பூசுங்கள். முழங்கால் வலியோடு ஏறிவருபவர்கள் முழு எடையையும் தருவது அந்தத் தூணிடம்தான்.